தலைதட்டிய படி: கிறிஸ்தவக் குடும்பம் எளிமையாக வாழ ஒரு முழுமையான வழிகாட்டி

என் ஆச்சி வீட்டு அரிசிப் பானைக்குள் எப்போதும் ஒரு பித்தளைப் படி கிடக்கும். உலைக்கு அரிசி எடுக்கும்போது படியை நிரப்பி, விளிம்புக்கு மேலே நிற்பதை உள்ளங்கையால் ஒரு தடவை வழித்துவிடுவார்கள். அதற்குத் தலைதட்டி அளப்பது என்று பெயர். வாசலில் வந்து நிற்பவர்களுக்கோ பக்கத்து வீட்டில் கேட்டு வருபவர்களுக்கோ அளக்கும்போது அந்தக் கை வழிக்காது. அரிசி கூம்பாகக் குவிந்து விளிம்பைத் தாண்டிச் சரியும். காரணம் கேட்டபோது, நமக்கு அளப்பது வேறு, பிறருக்கு அளப்பது வேறு என்று மட்டும் சொன்னார்கள்.

பல வருடங்கள் கழித்து நீதிமொழிகள் 30-ஆம் அதிகாரத்தை வாசித்தபோது அந்தப் படி நினைவுக்கு வந்தது. ஆகூர் என்பவர் அங்கே ஜெபிக்கிறார்: "தரித்திரத்தையும் ஐசுவரியத்தையும் எனக்குக் கொடாதிருப்பீராக. என் படியை எனக்கு அளந்து என்னைப் போஷித்தருளும்." வேதாகமத்தில் ஒரு மனிதன் பணத்தைக் குறித்துச் செய்த ஜெபங்களில் இதைவிட நேர்மையானதை நான் கண்டதில்லை. தனக்கு அதிகம் வேண்டாம் என்று கேட்கும் துணிவு அவருக்கு இருந்தது. கர்த்தருடைய ஜெபத்தில் நாம் கேட்பதும் அதுவேதான்: "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்." எத்தனை ஞாயிறுகள் அதைச் சொல்லியிருக்கிறோம்! ஆனால் வேண்டிய ஆகாரம் எவ்வளவு என்று நம் வீட்டில் ஒருமுறையாவது அளந்து பார்த்திருக்கிறோமா?

இந்த வழிகாட்டி அந்த அளவைப் பற்றியது. நமக்குத் தலைதட்டி அளப்பது எப்படி, பிறருக்குக் குவித்து அளப்பது எப்படி என்பதைப் படிப்படியாக எழுதுகிறேன். மாதச் சம்பளம் வாங்கும் நடுத்தரக் குடும்பத்தை மனதில் வைத்தே எழுதுகிறேன். மூன்று வேளை உணவுக்கே போராடுகிறவர்களுக்கு எளிமையைப் போதிக்கும் உரிமை எனக்கில்லை. அவர்களுக்குச் சேரவேண்டிய பங்கு எங்கே தங்கிவிட்டது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

தொடங்கும் முன்

எளிமையும் கஞ்சத்தனமும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும். இரண்டு வீட்டிலும் செலவு குறைவு. மிச்சமானது எங்கே போகிறது என்று பார்த்தால் வித்தியாசம் தெரியும். லூக்கா 12-இல் வரும் ஐசுவரியவான் ஆடம்பரமாகச் செலவழித்தான் என்று இயேசு சொல்லவில்லை. களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்டினால் எல்லாவற்றையும் சேர்த்துவைக்கலாம் என்று அவன் யோசித்தான். அந்த உவமைக்கு முன்னுரையாக வரும் வசனம் இது: "ஒருவனுக்கு எவ்வளவு திரளான ஆஸ்தி இருந்தாலும் அது அவனுக்கு ஜீவன் அல்ல." ஆகவே செலவைக் குறைத்து வங்கியில் குவிப்பதற்காக இதை வாசிக்கிறீர்கள் என்றால், இது அதற்கான வழி அல்ல.

இன்னொன்று. எளிமை என்பது துயர முகமும் அல்ல. பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது "போதுமென்கிற மனதுடனே கூடிய தேவபக்தியே மிகுந்த ஆதாயம்" என்கிறார். இழப்பு என்று சொல்லாமல் ஆதாயம் என்கிறார் பாருங்கள்.

முதல் படி: முப்பது நாள் கணக்கு

நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்குங்கள். போனில் எழுதுவதைவிட நோட்டில் எழுதுவது நல்லது. வீட்டில் எல்லோரும் திறந்து பார்க்கலாம். முப்பது நாளும் வீட்டிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு ரூபாயையும் எழுதுங்கள். டீக்கடை, பூ, பெட்ரோல், பிள்ளைகளின் மிட்டாய், இணையத்தில் வாங்கிய சட்டை, காணிக்கைப் பையில் போட்டது, எதையும் விடவேண்டாம். இந்த மாதத்தில் எதையும் குறைக்கவும் வேண்டாம். முதலில் உண்மை தெரியவேண்டும்.

ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு சொல்லை எழுதுங்கள்: தேவை, வழக்கம், அல்லது பிறர் கண். தேவை என்பது விளங்கும். வழக்கம் என்றால், ஏன் வாங்குகிறோம் என்று யோசிக்காமலே வாங்குவது. பிறர் கண் என்றால், யாராவது பார்ப்பார்கள், யாராவது கேட்பார்கள் என்பதற்காக வாங்கியது. இந்த மூன்றாவது சொல்லை எழுதத்தான் பேனா தயங்கும். எங்கள் வீட்டில் முதல் மாதம் அது 11 இடங்களில் வந்தது. அதில் ஏழு நான் எழுதியவை. ஒரு திருமணத்துக்குப் போவதற்காக வாங்கிய செருப்பும், உறவினர் முன்னால் குறைவாகத் தெரியக்கூடாது என்று கொடுத்த மொய்யும் அவற்றுள் அடக்கம்.

கணக்கு எழுதுவது ஆவிக்குரிய காரியமா என்று சிலர் கேட்கிறார்கள். தஞ்சாவூரில் 1892-இல் பிறந்த ஜே.சி. குமரப்பாவை அவர்களுக்குச் சொல்வேன். கிறிஸ்தவக் குடும்பத்தில் வளர்ந்து, கணக்குத் தணிக்கையாளராகப் பயிற்சி பெற்று, அமெரிக்காவில் பொருளாதாரம் படித்தவர். மேல்நாட்டு உடையும் வசதியான தொழிலுமாக இருந்தவர், 1929-இல் காந்தியைச் சந்தித்த பிறகு கதருக்கும் கிராமத் தொழில்களுக்கும் தன்னைக் கொடுத்துவிட்டார். கடைசி ஆண்டுகளை மதுரைப் பக்கம் தே. கல்லுப்பட்டியில் கழித்தார். 1934 பீகார் நிலநடுக்கத்தின்போது நிவாரண நிதியின் கணக்கைப் பார்க்கும் பொறுப்பு அவரிடம் இருந்தது. காந்தியும் அவரோடு வந்தவர்களும் அங்கே வந்தபோது, அவர்களுடைய செலவை அந்த நிதியிலிருந்து தரமுடியாது என்று சொல்லிவிட்டார். துயரப்பட்டவர்களுக்காக வந்த பணம் அவர்களுக்கே போகவேண்டும் என்பதில் அவருக்குக் குரு என்றும் சீடன் என்றும் இல்லை. இயேசுவின் போதனையைத் தன் பொருளாதாரத்தின் வேராகவே அவர் வைத்திருந்தார். அவருடைய கணக்கு நோட்டை நான் ஜெபப் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைப்பேன்.

இரண்டாம் படி: வீட்டுக்கு ஒரு படி குறிப்பது

முப்பது நாள் முடிந்ததும் ஒரு மாலை குடும்ப ஜெபத்துக்குப் பிறகு எல்லோரும் உட்காருங்கள். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளும் இருக்கட்டும். நோட்டை வைத்துக்கொண்டு, நம் குடும்பம் மரியாதையாக வாழ மாதம் எவ்வளவு போதும் என்று ஒரு தொகையைக் குறியுங்கள். அந்தத் தொகைதான் உங்கள் படி.

ஒரு மாதிரிக் கணக்கு சொல்கிறேன். கையில் வரும் சம்பளம் 48,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாடகை 11,000, மளிகை, பால், காய்கறி, எரிவாயு எல்லாம் சேர்த்து 12,000, பள்ளிக் கட்டணம் 6,000, போக்குவரத்து 3,500, மருந்தும் காப்பீடும் 3,000, மின்சாரமும் போனும் 2,500. மொத்தம் 38,000. இது இந்த வீட்டின் படி. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகம் 4,800. மீதி 5,200 சேமிப்பு.

அடுத்த வருடம் சம்பளம் 54,000 ஆகிறது. வழக்கமாக என்ன நடக்கும்? பெரிய வாடகை வீடு, புது வண்டி, புதுத் தவணை. படியும் கூடவே வளர்ந்துவிடும், யாரும் கவனிக்காமலே. சம்பளம் ஏறினாலும் படியைத் தொடக்கூடாது என்பதுதான் இந்த வழிகாட்டியின் உயிரான விதி. விலைவாசி ஏறினால் அதற்கு ஏற்ற அளவு கூட்டலாம், வீட்டில் புதிதாக ஒரு குழந்தையோ முதியவரோ சேர்ந்தால் கூட்டலாம். சம்பளம் கூடியது என்ற ஒரே காரணத்துக்காகக் கூட்டவேண்டாம். கூடுதலாக வந்த 6,000-இல் பாதி சேமிப்புக்கு, பாதி பிறருக்கு.

சேமிப்பு அவிசுவாசமா என்ற கேள்வியும் வரும். வனாந்தரத்தில் தேவன் தினமும் தந்த உணவான மன்னாவை மறுநாளுக்கென்று வைத்தவர்களுக்கு அது பூச்சி பிடித்து நாறியது. அதே வேதாகமத்தில் யோசேப்பு ஏழு வருடத் தானியத்தைச் சேர்த்து ஒரு தேசத்தையே காப்பாற்றினான். யாருக்காகச் சேர்க்கிறோம், எதுவரை சேர்க்கிறோம் என்பதே கேள்வி. ஆறு மாதச் செலவு என்ற எல்லையை நாங்கள் வைத்தோம். மேலே சொன்ன வீட்டுக்கு அது 2,28,000 ரூபாய். அந்த எல்லையை அடைந்ததும், பிள்ளைகளின் படிப்புக்கும் முதுமைக்கும் தனியாக ஒரு தொகையைக் குறித்துவிட்டு, மற்றதைக் குவித்து அளக்கும் பக்கம் திருப்பிவிடலாம். மன்னாவின் கதையில் எனக்குப் பிடித்த வரி வேறொன்று: ஓமர் என்ற அளவையால் அளந்தபோது, மிகுதியாய்ச் சேர்த்தவனுக்கு அதிகமானதுமில்லை, கொஞ்சமாய்ச் சேர்த்தவனுக்குக் குறைவானதுமில்லை. பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது, சபைகளுக்கிடையே பணம் பகிர்வதற்கு இதே வரியைத்தான் எடுத்துக்காட்டுகிறார்.

மூன்றாம் படி: கடன்

கடன் இருக்கும் வீட்டில் படி குறிப்பது கடினம், ஏனென்றால் அங்கே அளக்கும் கை வேறொருவருடையது. "கடன் வாங்கினவன் கடன் கொடுத்தவனுக்கு அடிமை" என்று நீதிமொழிகள் மறைக்காமல் சொல்கிறது.

எல்லாக் கடனையும் ஒரு தாளில் எழுதி, எதிரே வட்டி விகிதத்தை எழுதுங்கள். பெரும்பாலான வீடுகளில் கந்துவட்டியும் கிரெடிட் கார்டு பாக்கியும்தான் மேலே நிற்கும். பல கார்டுகளில் பாக்கிக்கு மாதம் 3 முதல் 3.5 சதவீதம் வரை வட்டி. 30,000 ரூபாய் பாக்கி என்றால் 3.5 சதவீதத்தில் வட்டி மட்டும் மாதம் 1,050. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் அது கரையவே கரையாது. எனவே வட்டி அதிகமானதை முதலில் அடையுங்கள், மற்றவற்றுக்குத் தவறாமல் கட்டவேண்டியதை மட்டும் கட்டிக்கொண்டு. லாக்கரில் வருடத்தில் ஒருநாள்கூட வெளிச்சம் காணாத நகை இருந்தால், அதை விற்று இந்தக் கடனை அடைப்பதில் வெட்கம் எதுவும் இல்லை. எங்கள் வீட்டில் அப்படி நகையை விற்ற அன்று என் மனைவி அழவில்லை. கார்டை வெட்டிப் போட்ட பிறகு நிம்மதியாகத் தூங்கியதாகச் சொன்னாள்.

கடன் தீரும்வரை காணிக்கையை நிறுத்தலாமா? நிறுத்தவேண்டாம், ஆனால் குறைக்கலாம் என்பது என் கருத்து. கடன் கொடுத்த எளியவருக்குத் திருப்பிக் கொடுக்காமல் ஆலயத்தில் பெரிய தொகை படைப்பது நேர்மையாக எனக்குத் தோன்றவில்லை. "அன்புகூருகிற கடனேயல்லாமல், மற்றொன்றிலும் ஒருவனுக்கும் கடன்படாதிருங்கள்" என்பதும் வேதவசனம்தானே.

நான்காம் படி: பிடியரிசி

கணக்கும் கடனும் தலைக்கு வேலை. இது கைக்கு வேலை, பிள்ளைகளுக்கும் புரியும் வேலை. நீங்கள் ஒரே ஒரு படியை மட்டும் செய்வதானால் இதைச் செய்யுங்கள்.

நம் ஊர்ச் சபைகளில் பிடியரிசி பழைய வழக்கம். உலையில் அரிசி போடும் முன் ஒரு கைப்பிடியை எடுத்துத் தனிப் பானையில் போடுவது. சேர்ந்ததைச் சபைக்குக் கொண்டுபோய்ப் படைப்பார்கள். மிசோரமின் சபைகளில் "புஃபாய் தாம்" என்ற பெயரில் இதே வழக்கம் 1910 முதல் நடந்துவருகிறது. ஒவ்வொரு வேளையும் சமைக்கும்போது ஒரு பிடி. சபை அதைச் சேர்த்து விற்று ஊழியத்துக்குச் செலவிடுகிறது. பணமே புழங்காத மலைக் கிராமத்துத் தாய்மாரும் கொடுக்கிறவர்களின் வரிசையில் நின்றார்கள். அரிசி இருக்கும் எந்த வீடும் கொடுக்கமுடியும் என்பதே அதன் அழகு.

அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் மூடியுள்ள இன்னொரு டப்பா வையுங்கள். அளவு பார்த்து அரிசி எடுத்தபிறகு, அந்த அளவிலிருந்தே ஒரு பிடியை எடுத்து அதில் போடுங்கள். தனியாக எடுத்துப் போடுவது கொடை. உலைக்கு எடுத்ததிலிருந்து எடுப்பது பகிர்வு. சாப்பாட்டில் ஒரு பிடி குறையும், அது யாருக்கும் தெரியவும் தெரியாது. ஒரு பிடி ஏறக்குறைய 45 கிராம். தினம் இரண்டு வேளை என்றால் முப்பது நாளில் 2.7 கிலோ. ஒரு ஆள் பல நாள் சாப்பிடும் அரிசி, ஒரு வீட்டின் கைப்பிடியிலிருந்து வந்துவிடுகிறது. அந்தப் பிடியை எடுப்பது பிள்ளைகளாக இருக்கட்டும். எங்கள் மகன் ஆறு வயதில் இதைத் தொடங்கினான். மறந்துவிட்ட நாளில் அவனே நினைவூட்டுவான்.

மாதக் கடைசியில் அதைத் தேவையுள்ளவர்களுக்குக் கொடுக்கும் விதத்தில் கவனம் வேண்டும். பத்து கிலோவானாலும் ஒரு கிலோவானாலும் அதே பையில், அதே சுத்தமான அரிசியாகக் கொடுங்கள். ரேஷன் அரிசியை அவர்களுக்கும் கடை அரிசியை நமக்கும் வைத்துக்கொள்வது பிடியரிசி ஆகாது. படம் எடுக்கவேண்டாம்.

இதோடு வாரத்தில் ஒரு வேளை உபவாசம் சேர்த்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் வெள்ளி மதியம். உபவாசத்தில் மிச்சமான உணவின் விலை பிறருக்குப் போகவேண்டும்; இல்லாவிட்டால் அது மிச்சம்பிடிப்பாகவே முடிந்துவிடும். ஏசாயா 58-ஆம் அதிகாரம் இதைத் தெளிவாகச் சொல்கிறது: பசியுள்ளவனுக்கு ஆகாரத்தைப் பகிர்ந்துகொடுப்பதே தேவன் தெரிந்துகொண்ட உபவாசம். சர்க்கரை நோயாளிகளும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் பட்டினி இருக்கவேண்டாம். அவர்கள் ஒரு பலகாரத்தை விட்டு அதன் விலையைக் கொடுத்தாலே போதும்.

ஐந்தாம் படி: அலமாரி

யோவான்ஸ்நானனிடம் ஜனங்கள் என்ன செய்யவேண்டும் என்று கேட்டபோது, "இரண்டு அங்கிகளையுடையவன் இல்லாதவனுக்குக் கொடுக்கக்கடவன்" என்றார். நான்காம் நூற்றாண்டில் செசரியாவின் பேராயராக இருந்த பசிலியார் இதை இன்னும் கடுமையாகப் பிரசங்கித்தார்: உன் அலமாரியில் கிடக்கும் உடை ஆடையில்லாதவனுடையது, நீ பூட்டி வைத்திருக்கும் அப்பம் பசித்தவனுடையது என்று. அவர் சொல்லோடு நிற்கவில்லை. ஊருக்கு வெளியே ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் ஒரு பெரிய இல்லத்தையே கட்டினார்.

அலமாரியைத் திறந்து எல்லா உடைகளையும் கட்டிலில் குவியுங்கள். ஒரு வருடமாக உடுத்தாததை ஒரு பக்கம் வையுங்கள். அதில் கிழிந்தது, சாயம் போனது, பொத்தான் இல்லாதது எல்லாம் துடைப்பதற்கு. நல்லதை மட்டும் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்துக் கொடுங்கள். வாங்குகிறவர் வீட்டில் என்ன தேவை என்று முன்பே கேளுங்கள். பலருக்குச் சேலையைவிடப் போர்வையும் பள்ளிச் சீருடையும் அதிகம் உதவும். இதற்குப் பிறகு ஒரு விதி: ஒன்று உள்ளே வந்தால் ஒன்று வெளியே போகவேண்டும்.

கணவரோ மனைவியோ இதற்கு உடன்படவில்லை என்றால், உங்கள் உடைகளோடு நிறுத்துங்கள். அடுத்தவர் அலமாரியில் கை வைத்து ஆரம்பித்த எளிமை சண்டையில் முடிவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆறாம் படி: திருமணம்

இங்கேதான் நம் சபைகளின் எளிமை தோற்றுப்போகிறது. வருடம் முழுவதும் தலைதட்டி அளந்த குடும்பம், ஒரே நாளில் பதினைந்து வருடச் சேமிப்பைக் கொட்டிவிட்டு மேலும் கடன் வாங்குகிறது. ஆலயத்தில் பொன்னாபரணமல்ல, சாந்தமும் அமைதலுமுள்ள ஆவியே அலங்காரம் என்ற பேதுருவின் வசனம் வாசிக்கப்படுகிறது. அதே மணப்பெண்ணின் கழுத்தில் எத்தனை பவுன் என்று கடைசி வரிசையில் எண்ணுகிறார்கள். இதை நான் கோபத்தோடு எழுதுகிறேன், ஏனென்றால் திருமணக் கடனால் ஒடிந்துபோன தகப்பன்மாரை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

பேச்சு தொடங்கும் முதல் நாளே ரொக்கம், நகை, சீர் பற்றிய முடிவை வாய்திறந்து சொல்லிவிடுங்கள். மாப்பிள்ளை வீட்டார் சொல்லவேண்டும், அதுவும் மாப்பிள்ளையே சொல்லவேண்டும்: எதுவும் வேண்டாம் என்று. "உங்கள் பெண்ணுக்கு நீங்கள் விருப்பப்பட்டதைச் செய்யுங்கள்" என்ற வாக்கியம் பணிவாக ஒலிக்கும், ஆனால் அதுவும் கேட்பதுதான். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-இலேயே வந்துவிட்டது. சட்டத்துக்கு முன்பே சுவிசேஷம் வந்துவிட்டது. மகனைப் பெற்ற விசுவாசிகள் இந்த ஒன்றைச் செய்தால் போதும், மற்ற எல்லா எளிமையும் தானாக வரும்.

அடுத்து, மொத்தச் செலவுக்கு ஒரு தொகையைக் குறியுங்கள். அது கையில் இருக்கும் பணமாக இருக்கவேண்டும். அதிலிருந்து கீழே இறங்கி வாருங்கள்: எத்தனை பேர், என்ன சாப்பாடு, எந்த இடம். பெரும்பாலோர் மண்டபத்திலிருந்து தொடங்கி மேலே ஏறுகிறார்கள், அதனால்தான் எல்லை தெரிவதில்லை. ஆலயத்திலேயே திருமணம், ஆலய வளாகத்திலேயே விருந்து என்றால் செலவில் பெரும்பகுதி குறைந்துவிடும். அழைப்பிதழ் ஒரே தாளில் போதும்.

விருந்துக்கு நம்மிடமே ஒரு மாதிரி இருக்கிறது: அசனம். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துச் சபைகளில் அசன பண்டிகையன்று ஊரே சேர்ந்து சமைக்கும். பெரிய அடுப்புகளில் சோறு வேகும். யார் வீட்டு அரிசி, யார் வீட்டுத் தேங்காய் என்று தெரியாது. பணக்காரரும் கூலிக்காரரும் ஒரே பந்தியில், ஒரே சோற்றை, ஒரே குழம்போடு சாப்பிடுவார்கள். திருமண விருந்தையும் அப்படி நடத்தமுடியும். உறவினர்கள் காய் நறுக்க, இளைஞர்கள் பரிமாற, ஒரே வகைச் சாப்பாடு வயிறு நிறைய. பதினெட்டு வகை பதார்த்தத்தில் பாதி இலையோடு போவதைவிட இதில் சந்தோஷம் அதிகம். இயேசு கானா ஊரில் கலியாணத்துக்குப் போனார், திராட்சரசம் குறைவுபட்டபோது ஆறு கற்சாடிகள் நிறையத் தந்தார். கலியாண வீட்டின் சந்தோஷத்தை அவர் குறைக்கவில்லை. ஆகவே எளிய திருமணம் என்பது வாடிய திருமணம் அல்ல. பாட்டு இருக்கட்டும், பூ இருக்கட்டும், சிரிப்பு இருக்கட்டும்.

விருந்துக்கு யாரை அழைப்பது? லூக்கா 14-இல் இயேசு இதற்கு நேரடியாகவே பதில் சொல்கிறார்: பதிலுக்குப் பதில் செய்யமுடிகிற அயலகத்தாரை அல்ல, பதில் செய்யமுடியாதவர்களை. அழைப்புப் பட்டியலில் பத்தில் ஒரு பங்காவது அப்படிப்பட்டவர்களாக இருக்கட்டும் என்று ஒரு கணக்கு வையுங்கள். ஆலயத்தைச் சுத்தம் செய்கிறவர், தெருவைக் கூட்டுகிறவர், பக்கத்துக் கட்டிடத்தில் வேலை செய்யும் வெளிமாநிலத் தொழிலாளிகள். அவர்களைப் பின்னால் தனியாக உட்காரவைக்காமல் முதல் பந்தியில் உட்காரவையுங்கள்.

உறவினர்கள் பேசுவார்கள். இதற்கு மருந்து ஒன்றுதான்: சபையில் இன்னும் இரண்டு குடும்பங்களோடு முன்கூட்டியே பேசி, மூவரும் இதேபோல் நடத்துவது என்று முடிவெடுங்கள். ஒரு வீடு செய்தால் இயலாமை என்பார்கள். மூன்று வீடுகள் செய்தால் அது வழக்கமாகத் தொடங்கும்.

பண்டிகைகளும் ஞாயிறும்

கிறிஸ்துமஸுக்கு எல்லோருக்கும் இரண்டு புத்தாடை என்றிருந்தால் ஒன்றாக்குங்கள்; அந்த இன்னொன்றின் விலைக்கு வேறொரு பிள்ளைக்கு அதே கடையில், அதே தரத்தில் எடுங்கள். காணிக்கையாக வந்த பொருட்களை விற்கும் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் போட்டிபோட்டுப் பெயருக்காக விலை ஏற்றவேண்டாம். ஞாயிறு மதியத்தைக் கடைவீதிக்கும் போன் திரைக்கும் கொடுக்காமல், ஒரு நோயாளியைப் பார்க்கவோ வீட்டில் சேர்ந்து உட்காரவோ வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும் ஆசையில் பெரும்பகுதி இன்று திரையிலிருந்துதான் வருகிறது.

கொடுப்பதில் கவனம்

இத்தனையும் செய்தபின் கையில் மிச்சம் வரும். அதை எங்கே கொடுப்பது என்பதில் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

"அமுக்கிக் குலுக்கிச் சரிந்துவிழும்படி நன்றாய் அளந்து, உங்கள் மடியிலே போடுவார்கள்" என்ற லூக்கா 6-இன் வசனத்தைச் சொல்லி, எங்களுக்குக் கொடுத்தால் உங்களுக்குப் பலமடங்கு திரும்பிவரும் என்று வாக்களிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வசனம் வரும் இடத்தைத் திறந்து பாருங்கள். சத்துருக்களைச் சிநேகிப்பது, திரும்பக் கிடைக்கும் என்று எதிர்பாராமல் கடன் கொடுப்பது, மன்னிப்பது, இவற்றின் நடுவே அது நிற்கிறது. ஏழை விதவையின் இரண்டு காசைப் பற்றிய பகுதியையும் அப்படியே வாசியுங்கள். மாற்கு 12-இல் அதற்குச் சற்று முன்புதான், விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிறவர்களை இயேசு கண்டிக்கிறார். விதவையின் தியாகத்தைப் பிரசங்கிக்கிறவர் அந்த வசனத்தையும் வாசிக்கவேண்டும்.

ஆகவே ஆண்டுக் கணக்கை வெளியிடாத எந்த ஊழியத்துக்கும் கொடுக்கவேண்டாம். கேட்பது அவமரியாதை அல்ல. எருசலேம் ஏழைகளுக்கான காணிக்கையைக் கொண்டுபோனபோது பவுலே, யாரும் குற்றப்படுத்தாதபடிக்கு மற்றவர்களையும் கூட்டிக்கொண்டுபோனார். உங்கள் சபையின் பங்கு, உங்கள் தெருவில் கஷ்டப்படும் ஒரு வீடு, தூரத்தில் ஒரு நல்ல ஊழியம், மூன்றுக்கும் பிரித்துக்கொடுங்கள். தெருவில் இருப்பவருக்குக் கொடுப்பதுதான் மிகக் கடினம், ஏனென்றால் அவரை நாளையும் பார்க்கவேண்டும். அங்கே கொடுப்பது உறவாக மாறவேண்டியிருக்கிறது. தூரத்து ஊழியத்துக்குக் கொடுப்பதற்கும் நம்மிடம் ஒரு முன்மாதிரி உண்டு. திருநெல்வேலிச் சபையார் 1903-இல் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கி, தங்கள் சொந்தக் காணிக்கையிலேயே ஹைதராபாத் நிஜாம் ராஜ்யத்தின் தோர்னக்கல் பகுதிக்கு ஊழியர்களை அனுப்பினார்கள். வேதநாயகம் சாமுவேல் அசரியா அதில் முன்நின்றார். அந்தக் காணிக்கையைக் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் பனையேறிகளும் சிறு விவசாயிகளும்தான்.

தனியாகச் செய்யாதீர்கள்

ஆர்வத்தோடு தொடங்கும் பலர் மூன்றாவது மாதத்தில் நிறுத்திவிடுகிறார்கள். தனியாகச் செய்வதே பெரும்பாலும் காரணம். திருப்பத்தூரில் 1921-இல் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கிய மருத்துவர்கள் ஜேசுதாசனும் ஸ்காட்லாந்துக்காரரான ஃபாரஸ்டர் பேட்டனும் இதை அறிந்திருந்தார்கள். ஊர் அவர்களைப் பெரியண்ணன், சின்னண்ணன் என்றே அழைத்தது. வெள்ளைக்காரர் ஆண்ட காலத்தில், ஒரு தமிழர் பெரியண்ணன், ஒரு வெள்ளையர் சின்னண்ணன்! கதர் உடுத்தி, எளிய உணவு உண்டு, ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்து, ஒரு குடும்பமாகவே வாழ்ந்தார்கள். நம்மால் ஆசிரமம் அமைக்கமுடியாமல் இருக்கலாம். மாதம் ஒருமுறை மூன்று குடும்பங்கள் ஒரு வீட்டில் கஞ்சியும் துவையலுமாகச் சாப்பிட்டு, நோட்டைத் திறந்து, எங்கே தவறினோம் என்று பேசி, சேர்ந்து ஜெபிக்கமுடியும். பெரிய ஏரியும் பெரிய கரையும் வேண்டாம்; ஒரு வாய்க்கால் போதும்.

எப்போது தொடங்குவது என்று கேட்டால், உயிர்த்தெழுந்த ஞாயிறுக்கு முந்தைய தவக்காலமான லெந்து நாட்கள் நல்ல காலம். அதன் முதல் நாளான சாம்பல் புதனன்று கணக்கு நோட்டைத் திறந்தால், முப்பது நாள் கணக்கும் குடும்பப் பேச்சும் உயிர்த்தெழுந்த ஞாயிறுக்கு முன்னே முடிந்துவிடும். அலமாரியைக் காலி செய்வதைப் பரிசுத்த வாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வருடா வருடம் டிசம்பர் 31 இரவு ஆராதனைக்குப் போகும் முன்பு, படியை மறுபடி எடுத்துப் பார்த்து, கூட்டவேண்டுமா குறைக்கவேண்டுமா என்று பேசிக்கொள்ளுங்கள். ஆனால் பிடியரிசிக்கு லெந்து வரை காத்திருக்கவேண்டாம். இன்று இரவு உலை வைக்கும் முன் ஒரு காலி டப்பாவைக் கழுவி, துடைத்து, அரிசிக்குப் பக்கத்தில் வையுங்கள்.